எலும்பு எந்த எண்ணில் தொடங்குகிறது?

விடிகே என்ற காட்சியாக்க நிரல் நூலகத்தோடு பயிற்சிக்காகவே ஒரு தரவு தரப்படுகிறது. ஒரு மனிதத் தலையின் சி.டி. ஸ்கேன் அது. மொத்தம் 93 அடுக்குகள். ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே 1.5 மில்லிமீட்டர். ஒவ்வோர் அடுக்கிலும் 256 வரிசைகள், வரிசைக்கு 256 புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவே 0.8 மில்லிமீட்டர் இடைவெளி. பெருக்கிப் பார்த்தால் 60 லட்சத்துக்குச் சற்று மேல் எண்கள். கோப்பைத் திறந்து எவ்வளவு தேடினாலும் அதில் மூக்கு கிடைக்காது, மண்டை ஓடு கிடைக்காது. எண்கள்தான் இருக்கும்.

ஒவ்வோர் எண்ணும் அந்த இடத்தில் இருந்த பொருள் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுத்தது என்பதைச் சொல்கிறது. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் வடிவமைத்த கருவி 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தபோது ஓர் அடுக்கில் 80 வரிசை, 80 புள்ளி மட்டுமே இருந்தன. அவர் பெயராலேயே வழங்கும் அளவுகோலில் தண்ணீர் 0, காற்று −1000. எலும்பு சில நூறில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். பயிற்சித் தரவில் இந்த அளவுகோலை மேலே நகர்த்தி, காற்றைச் சுழியத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். தோலும் தசையும் ஆயிரத்தை ஒட்டி வரும். எலும்பு அதற்கும் மேலே.

இந்த எண் குவியலிலிருந்து உருவத்தை எடுக்கும் வழிகளில் இரண்டை மட்டும் இங்கே பார்ப்போம். ஒன்று வெட்டுப்பரப்பு, மற்றது சமமதிப்புப் பரப்பு. பாராவியூ போன்ற மென்பொருளில் இரண்டுக்கும் ஆளுக்கொரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சில நொடிகளில் படம் வந்துவிடும். படம் வந்துவிடுகிறது என்பதாலேயே அது எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மருத்துவத்தில், கடலியலில், மூலக்கூறு ஆய்வில், ஏட்டுச்சுவடி ஆய்வில்கூட முடிவுகள் இந்தப் படங்களைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகின்றன. அதனால் கேட்டே ஆக வேண்டும்.

வெட்டுப்பரப்பு எளியது. முப்பரிமாணத் தரவுக்குள் ஒரு தட்டையான தளத்தைச் செருகி, அந்தத் தளத்தில் விழும் மதிப்புகளுக்கு நிறம் கொடுப்பதுதான் வேலை. மென்பொருள் உங்களிடம் இரண்டு விஷயங்களைக் கேட்கும்: தளம் எந்தப் புள்ளி வழியே போக வேண்டும், எந்தத் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். ஸ்கேன் எடுத்த திசையிலேயே வெட்டினால் கருவி தந்த அடுக்கே திரும்ப வரும். சாய்வாக வெட்டினால் தளம் புள்ளிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களையும் கடந்து போகும். அங்கே அளந்த மதிப்பு ஏதும் இல்லை. சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளின் மதிப்பை அவற்றின் தொலைவுக்கேற்பக் கலந்து மென்பொருள் ஒரு மதிப்பைக் கணக்கிடுகிறது. இதற்கு இடைக்கணிப்பு என்று பெயர். சாய்ந்த வெட்டின் பெரும்பகுதி இப்படிக் கணக்கிட்டதுதான் என்றாலும், பக்கத்துப் புள்ளிகள் போதிய நெருக்கத்தில் இருக்கும்வரை அதை நம்பலாம்.

வெட்டுப்பரப்பின் பலம், அது எதையும் ஒளிப்பதில்லை என்பது. தன் தளத்தில் உள்ள எலும்பு, கொழுப்பு, காற்று எல்லாவற்றையும் அப்படியே காட்டிவிடும். பலவீனமும் அந்தத் தளத்தில்தான் இருக்கிறது. பலாப்பழத்தைக் குறுக்கே ஒரே வெட்டாக வெட்டிப் பார்ப்பவருக்குச் சுளைகள் தனித்தனி வட்டங்களாகத் தெரியும். எந்தச் சுளை எங்கே தொடங்கி எப்படி வளைந்து தண்டோடு சேர்கிறது என்பது தெரியாது. கதிரியக்க மருத்துவர்கள் நூற்றுக்கணக்கான அடுக்குகளை மேலும் கீழும் உருட்டிப் பார்த்து அந்த இணைப்பை மனத்துக்குள் கட்டுகிறார்கள். அது ஆண்டுக்கணக்கான பயிற்சியில் வரும் திறமை.

அந்த இணைப்பைக் கணினியே கட்டித் தரட்டும் என்ற ஆசையில் பிறந்தது சமமதிப்புப் பரப்பு. பள்ளி நிலவரைபடத்தில் பார்த்த சம உயரக் கோடுகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்தால் கோடு கிடைக்கிறது. அந்த யோசனையை இரு பரிமாணத்திலிருந்து மூன்றுக்குக் கொண்டுபோனால், ஒரே மதிப்புள்ள இடங்களெல்லாம் சேர்ந்து ஒரு பரப்பாகும். தலைத் தரவில் 500 என்ற எண்ணைக் கொடுத்தால் காற்றுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு பரப்பு எழும். கண்ணிமை, காது மடல் எல்லாம் தெரியும் முகம். அதே தரவுக்கு 1150 கொடுத்தால் முகம் போய் மண்டை ஓடு நிற்கும். விடிகே பாடங்களில் தோலுக்கும் எலும்புக்கும் தரப்படும் மதிப்புகள் இவையே.

கணினிக்கு முன்பும் இதைக் கையால் செய்தார்கள். 1945இல் பெனிசிலினின் அமைப்பைக் கண்டறிந்த டோரத்தி ஹாட்ஜ்கின், எக்ஸ் கதிர்ப் படிகவியல் தந்த எலக்ட்ரான் அடர்த்தியை அடுக்கடுக்காகக் கணக்கிட்டு, ஒவ்வோர் அடுக்கின் சம அடர்த்திக் கோடுகளையும் பெர்ஸ்பெக்ஸ் தகடுகளில் வரைந்தார். தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலிருந்து பார்த்தால், கோடுகள் சேர்ந்து அணுக்கள் இருக்கும் இடத்தில் மேடுகளாகத் தெரிந்தன. ஜான் கென்ட்ரூ 1950களின் இறுதியில் மயோகுளோபின் புரதத்தின் முதல் வடிவத்தை எட்டியதும் இதே வழியில்தான். வெட்டுப்பரப்புகளைக் கையால் வரைந்து, சமமதிப்புப் பரப்பைக் கண்ணால் கட்டிய காலம் அது. நோபல் பரிசுகளைப் பெற்றுத் தந்த அந்த உழைப்பை இன்றைய மென்பொருள் ஒரு நொடியில் செய்கிறது. கோட்டை எந்த அடர்த்தியில் வரைவது என்ற முடிவு மட்டும் அன்றும் மனிதருடையது, இன்றும் மனிதருடையதே.

அந்த ஒரு நொடி வேலை எப்படி நடக்கிறது என்பது அழகான கதை. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரிலுள்ள ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வில்லியம் லோரன்சன், ஹார்வி கிளைன் இருவரும் 1987இல் வெளியிட்ட முறை அது. மார்ச்சிங் கியூப்ஸ் என்ற பெயரில்தான் உலகம் முழுதும் வழங்குகிறது. அதற்கு முன்பெல்லாம் ஒவ்வோர் அடுக்கிலும் எலும்பின் ஓரத்தைக் கோடாக வரைந்து, அடுத்த அடுக்கின் கோட்டோடு தைத்துத் தைத்துப் பரப்பாக்க முயன்றார்கள். ஓர் அடுக்கில் ஒரே வளையமாக இருப்பது அடுத்த அடுக்கில் இரண்டாகப் பிரிந்தால் எதை எதோடு தைப்பது? அந்தக் கேள்வியில் அந்த முறைகள் திணறின.

லோரன்சனும் கிளைனும் கோடுகளை விட்டுவிட்டார்கள். அருகருகே உள்ள எட்டுப் புள்ளிகளை எடுத்தால் ஒரு சிறு பெட்டி கிடைக்கிறது. நம் தலைத் தரவில் இப்படிக் கிட்டத்தட்ட 60 லட்சம் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிடமும் ஒரே கேள்வி: உன் எட்டு மூலைகளில் எவையெல்லாம் 1150க்கு மேல், எவையெல்லாம் கீழ்? மூலைக்கு இரண்டு வாய்ப்பு என்பதால் எட்டு மூலைக்கு 256 வாய்ப்புகள். பெட்டியைத் திருப்பியும் மேல், கீழ் என்பதை மாற்றியும் பார்த்தால் அத்தனையும் 15 வடிவங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. எட்டு மூலையும் மேலே இருந்தால் பெட்டி எலும்புக்குள் புதைந்திருக்கிறது. எட்டும் கீழே இருந்தால் எலும்புக்கு வெளியே. இரண்டிலும் வரைய எதுவுமில்லை. ஒரு மூலை மட்டும் மேலே இருந்தால் பரப்பு அந்த மூலையை முக்கோணமாகச் சீவிக்கொண்டு போகிறது. எந்த வடிவத்துக்கு எந்த முக்கோணங்கள் என்று முன்கூட்டியே ஓர் அட்டவணை போட்டு வைத்துவிட்டால், கணினி ஒவ்வொரு பெட்டிக்கும் அட்டவணையைப் பார்த்து முக்கோணங்களை எடுத்து வைத்துக்கொண்டே நடை போடலாம்.

முக்கோணத்தின் முனை பெட்டியின் விளிம்பில் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதையும் இடைக்கணிப்பே சொல்லும். விளிம்பின் ஒரு முனையில் 1100, மறுமுனையில் 1300 என்றால், 1150 என்பது முதல் முனையிலிருந்து கால் பங்கு தொலைவில். அடுத்த பெட்டியும் அதே விளிம்பைப் பகிர்வதால் அதற்கும் அதே விடை வரும். அதனால்தான் லட்சக்கணக்கான முக்கோணங்கள் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்துகின்றன.

பிசகாமல் என்பதில் ஒரு விதிவிலக்கு இருந்தது. பெட்டியின் ஒரு பக்கத்தில் எதிரெதிர் மூலைகள் இரண்டு மேலேயும் மற்ற இரண்டு கீழேயும் இருந்தால் பரப்பை இரண்டு விதமாக இணைக்கலாம். இந்தப் பெட்டி ஒரு விதமாகவும் பக்கத்துப் பெட்டி மற்றொரு விதமாகவும் இணைத்தால் நடுவில் ஓட்டை விழும். 1988இல் மார்ட்டின் டியூர்ஸ்ட் இதைச் சுட்டிக்காட்டினார். எந்த விதத்தில் இணைப்பது என்று தீர்மானிக்க 1991இல் நீல்சனும் ஹாமனும் ஒரு விதியைக் கொடுத்தார்கள். இன்றைய மென்பொருள்கள் முரண் வராதபடி அமைத்த விரிவான அட்டவணையையே பயன்படுத்துகின்றன. கணினி தவறு செய்து உண்டான ஓட்டைகள் இப்படி அடைபட்டன.

மனிதர் தேர்ந்த எண்ணால் விழும் ஓட்டைகள் வேறு. அவற்றை எந்த அட்டவணையும் அடைக்காது. அவைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகின்றன.

தலைத் தரவின் 1150 பரப்பில் கண்குழியைப் பெரிதாக்கிப் பாருங்கள். குழியின் அடித்தளத்திலும் மூக்கை ஒட்டிய உள்சுவரிலும் பொத்தல்கள் தெரியும். விவரம் தெரியாதவர் எலும்பு உடைந்திருக்கிறது என்பார். உடையவில்லை. அந்த எலும்பு பல இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியது. அதன் ஒரு பக்கம் கண்ணைத் தாங்கும் கொழுப்பு, மறுபக்கம் சைனஸ் காற்று. ஒரு கணக்குக்காக, ஒரு புள்ளியின் எண்ணுக்குள் அடங்கும் 1.5 மில்லிமீட்டர் தடிமனில் 0.3 மில்லிமீட்டர் எலும்பு இருப்பதாக வைப்போம். எலும்பின் மதிப்பு 2000, பங்கு ஐந்தில் ஒன்று: 400. மிச்சத்தில் பாதி கொழுப்பு, மதிப்பு 900: 360. மற்றப் பாதி காற்று: 0. கூட்டினால் 760. எலும்பு உள்ளே இருக்கிறது, ஆனால் அந்தப் புள்ளிக்கு ஸ்கேன் கருவி கொடுக்கும் எண் 1150ஐ எட்டவில்லை. சமமதிப்புப் பரப்பைப் பொறுத்தவரை அங்கே எலும்பே இல்லை.

எண்ணை 700க்கு இறக்கினால் பொத்தல் மூடுமே என்று தோன்றும். மூடும். ஆனால் தசையும் கொழுப்பும் 700க்கு மேல்தான் இருக்கின்றன. மண்டை ஓட்டுக்குப் பதிலாகத் தோல் போர்த்த முகம் வந்து நிற்கும். எந்த ஒற்றை எண்ணைக் கொடுத்தாலும் தடித்த தாடை எலும்பையும் மெல்லிய கண்குழி எலும்பையும் சேர்த்துச் சரியாகக் காட்ட முடியாது. முகத்தில் அடிபட்டு வருபவரின் கண்குழி அடித்தளம் உடைந்திருக்கிறதா என்று பார்க்க, மருத்துவர்கள் முப்பரிமாணப் படத்தை மட்டும் நம்பாமல் நெற்றிக்கு இணையாக வெட்டிய அடுக்குகளைப் பார்ப்பது இதனால்தான். அந்த வெட்டில் 760 என்ற மதிப்பு மங்கலான சாம்பல் கோடாகவாவது தெரியும். முறிந்திருந்தால் கோடு தொங்கும்.

சமமதிப்புப் பரப்பு ஒரு வெட்டுப்பரப்பைவிட அதிகமாக நம்பவைக்கும். ஒளி விழுகிறது, நிழல் விழுகிறது, சுட்டியால் திருப்பினால் திரும்புகிறது; கையால் தொடலாம் போல இருக்கிறது. அந்த உறுதித் தோற்றம் தரவிலிருந்து வரவில்லை, ஒருவர் தேர்ந்த எண்ணிலிருந்து வருகிறது. ஆகவே பரப்பைக் காட்டுகிறவர் அந்த எண்ணையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூலக்கூறு ஆய்வில் இந்த ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது. உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த வரைபடங்களைச் சேமிக்கும் இ.எம்.டி.பி. தரவகத்தில், எந்த மதிப்பில் பரப்பை வரைந்து பார்க்கலாம் என்ற பரிந்துரை எண்ணும் வரைபடத்தோடு பதிவாகிறது. பார்ப்பவர் அந்த எண்ணை ஏற்றலாம், இறக்கலாம், எந்தத் துணுக்கு மறைகிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்று சோதிக்கலாம். மருத்துவ இதழ்களின் முப்பரிமாணப் படங்களுக்குக் கீழேயும் அந்த எண் அச்சாக வேண்டும்.

தோலுக்கும் எலும்புக்கும் உண்மையிலேயே எல்லை உண்டு. கடலின் வெப்பநிலைக்கு அது கிடையாது. மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்துகொண்டே போகும். அங்கே எண்ணை இயற்பியல் தேர்ந்துகொடுக்க வேண்டும். நிலநடுக்கோட்டுப் பசிபிக்கில் 20 டிகிரி செல்சியஸ் பரப்பை ஆய்வாளர்கள் தேர்ந்தார்கள். மேலேயுள்ள வெதுவெதுப்பான நீருக்கும் கீழேயுள்ள குளிர்நீருக்கும் நடுவே வெப்பநிலை வேகமாக மாறும் பட்டையின் மத்தியில் அது விழுகிறது. சாதாரண ஆண்டுகளில் இந்தப் பரப்பு மேற்கே ஆழமாகவும் தென் அமெரிக்கக் கரையை நோக்கி மேலெழுந்தும் சாய்ந்து கிடக்கும். எல் நினோ வந்தால் சாய்வு தளர்ந்து கிழக்குப் பகுதி அமிழும். 1997இல் நடந்த பெரிய எல் நினோவில் பசிபிக் முழுவதும் நங்கூரமிட்ட ஏறத்தாழ 70 மிதவைகளின் அளவீடுகளிலிருந்து இந்த அசைவைக் கிட்டத்தட்ட உடனுக்குடன் பார்க்க முடிந்தது. வங்கக் கடலுக்கு வந்தால் எண் 26 டிகிரி. புயலுக்குத் தீனியாகும் வெப்பத்தை அந்தப் பரப்புக்கு மேலேயுள்ள நீரில்தான் கணக்கிடுகிறார்கள். பரப்பு ஆழத்தில் இருந்தால், காற்று கடலைக் கலக்கினாலும் குளிர்நீர் எளிதில் மேலே வராது. புயல் தன் வலுவைத் தக்கவைத்துக்கொள்ளும்.

இந்தப் படங்களில் செங்குத்து அளவை இழுத்துக் காட்டாமல் முடியாது. 15,000 கிலோமீட்டர் அகலக் கடலை ஒரு மீட்டர் அகலப் படத்தில் அடக்கினால், மேலடுக்கான 300 மீட்டர் ஆழம் 0.02 மில்லிமீட்டராகச் சுருங்கும். எவ்வளவு இழுத்தோம் என்று எழுதிவிட வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டுப்பரப்பு எதையும் ஒளிப்பதில்லை என்று சொன்னேன். வானவில் வண்ணம் பூசினால் அந்த நேர்மை போய்விடும். நீலத்திலிருந்து சிவப்பு வரை போகும் வழியில் மஞ்சள் பளிச்சென்று துருத்தி நிற்பதால், தரவு சீராக மாறும் இடத்திலும் ஓர் எல்லைக்கோடு இருப்பதாகக் கண் நம்பிவிடுகிறது. யாரும் கேட்காமலேயே ஒரு சமமதிப்புக் கோடு வந்து உட்கார்ந்துவிடுகிறது. பாராவியூ பின்னாளில் வானவில்லைக் கைவிட்டு, கென்னத் மோர்லண்ட் வடிவமைத்த நீலம், வெளிர் சாம்பல், சிவப்பு என்ற வரிசையைத் தானாக வரும் நிறமாக வைத்தது நல்ல மாற்றம்.

பழகத் தொடங்குபவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. உருவகப்படுத்தல் நிரல்கள் பல, மதிப்பைப் பெட்டியின் மூலைகளில் வைக்காமல் பெட்டிக்கு ஒன்றாக வைக்கின்றன. மார்ச்சிங் கியூப்ஸுக்கு மூலை மதிப்புகள் வேண்டும். மென்பொருளில் அதற்கான மாற்றியை முதலில் ஓட்டினால் பரப்பு வரும்; ஆனால் அந்த மாற்றி பக்கத்துப் பெட்டிகளைச் சராசரி எடுப்பதால் கூர்மையான உச்சங்கள் கொஞ்சம் மழுங்கும்.

இனி, தட்டையான வெட்டும் ஒற்றை எண்ணும் சேர்ந்தும் போதாத இடம். 1970இல் சாக்கடல் கரையிலுள்ள எய்ன் கெதியின் பழைய யூத ஜெபக்கூடத்தில் கரிந்துபோன தோல்சுருள் ஒன்று கிடைத்தது. தொட்டால் உதிரும். நுண் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். தட்டையாக வெட்டினால் சுருளின் குறுக்குவெட்டுத்தான் வரும். எழுத்து வெறும் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். சமமதிப்புப் பரப்பு எடுத்தால், ஒட்டிப்போன மடிப்புகள் ஒரே கட்டியாகிவிடும். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் குழுவினர், தோல் எப்படிச் சுருண்டு போகிறதோ அப்படியே வளைந்து போகும் ஒரு வெட்டுப்பரப்பைத் தரவுக்குள் அமைத்து, அதன்மேல் விழும் மதிப்புகளைப் பூசி, பிறகு தட்டையாக விரித்தார்கள். மையில் அடர்த்தி மிகுந்த பொருள் இருந்ததால் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. லேவியராகமத்தின் தொடக்க வசனங்கள். முடிவுகள் 2016இல் வெளியாயின.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த ஹெர்குலேனியம் பாப்பிரஸ் சுருள்களில் அதே வழி பாதியில் நின்றது. அங்கே எழுதியது கரி மையால்; கரிந்த பாப்பிரஸும் கரிதான். மைக்கும் தாளுக்கும் அடர்த்தியில் ஏறத்தாழ வேறுபாடே இல்லை, ஆகவே எந்த எண்ணாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. மை காய்ந்த இடத்தில் தாளின் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய வெடிப்புத் தடத்தை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். வளைந்த வெட்டுப்பரப்பை மட்டும் எடுக்காமல், அதற்கு மேலும் கீழுமாகச் சில அடுக்குகளையும் சேர்த்துக் கொடுத்து, அந்தத் தடத்தை அடையாளம் காண நரம்பு வலையமைப்புகளைப் பழக்கினார்கள். 2023 அக்டோபரில் ஒரு சுருளில் ஊதா நிறத்தைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல் வாசிக்கப்பட்டது. 2024 பிப்ரவரிக்குள் 2000 எழுத்துகளுக்கு மேல் வெளிவந்தன. இன்பத்தைப் பற்றிய எபிக்யூரியத் தத்துவ நூல் ஒன்றின் பகுதி அது. அப்படி வாசித்தது மொத்தச் சுருளில் ஒரு சிறு பகுதிதான். மிச்சத்துக்கு முதல் வேலை, தாளின் பரப்பு எந்த மடிப்பில் எங்கே போகிறது என்று தரவுக்குள் தேடி வரைவது.